முதல் ரிட்டர்ன்: பொருத்தம் பார்த்துப் போடுங்கள்

வருமான வரி ரிட்டர்ன் போடுவது கணக்கு வேலை என்றுதான் முதலில் பயந்தேன். கூட்டல், கழித்தல், சதவீதம் எல்லாவற்றையும் வரித்துறையின் தளமே போட்டுவிடுகிறது. நமக்கு விட்டுவைத்திருக்கும் வேலை, பொருத்தம் பார்ப்பது. கம்பெனி ஒரு தொகை சொல்லும். வங்கி வேறொன்று சொல்லும். வரித்துறை தன் ஏட்டில் மூன்றாவதாக ஒன்றை எழுதி வைத்திருக்கும். பான் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பாஸ்புக்கில் இரண்டையும் கலந்து ஒரு பெயர். இத்தனை பேரையும் ஒரே பக்கத்தில் உட்காரவைத்துத் தலையாட்ட வைத்தால் ரிட்டர்ன் முடிந்தது. எரிச்சலும் சிரிப்பும் வருவது அந்த உட்காரவைக்கும் இடத்தில்தான்.

இந்தியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு, முதன்முறையாகத் தானே தாக்கல் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை சம்பாதித்த பணத்துக்கான கணக்கு இது. கடை, தொழில், பங்குச் சந்தையில் தினசரி வணிகம் என்று இருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்காமல் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

எனக்குத்தான் வரியே இல்லையே?

இந்த ஆண்டு எல்லோரும் கேட்கும் கேள்வி. புதிய முறையில் (பழையது, புதியது என்று வரி போட இரண்டு முறை உண்டு, நான்காம் படியில் பார்ப்போம்) 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரருக்குக் கேட்காமலே கழித்துத் தரும் 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம் வரை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது விலக்கு இல்லை, தள்ளுபடி. விலக்கு வரம்பு 4 லட்சம் மட்டுமே. வருமானம் அதைத் தாண்டினால், கட்ட வேண்டியது பூஜ்யம் என்றாலும் தாக்கல் செய்தாக வேண்டும்.

10 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கழிவு போக 9,25,000. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. 4-லிருந்து 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. மிச்சமுள்ள 1,25,000-க்கு 10 சதவீதம், 12,500. ஆக வரி 32,500. இந்தத் தொகையை ஒழுங்காகப் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்த வரியில் தள்ளுபடி என்று முழுவதையும் அடித்துவிட வேண்டும். அடிப்பதற்காகவே எழுதும் தொகை. பள்ளிக்கூடத்தில் 'வழிமுறைக்குத்தான் மதிப்பெண்' என்பார்களே, அதேதான்.

4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிலர் தப்ப முடியாது. ஆண்டில் 1 லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர் கட்டாயம் போட வேண்டும். வருமானமே இல்லாமல் அவ்வளவு மின்சாரம் எப்படி என்று கேட்பது நியாயம்தானே.

இன்னொரு பொதுப் பயம்: '12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் அறுபதாயிரம் கட்டணுமாமே?' கிடையாது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால், தாண்டிய 10,000-க்கு மேல் வரி போகாது. அதன்மேல் 4 சதவீத செஸ், அதாவது வரியின்மேல் போடும் வரி உண்டு, அவ்வளவுதான். சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

முதல் படி: நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

தமிழர்களுக்கென்றே வரித்துறை வைத்திருக்கும் சோதனை இது. தளத்தில் கணக்குத் தொடங்கும்போது குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். விளைவு, அப்பாவின் பெயர் நமக்குக் குடும்பப் பெயராகிவிடும். சிலருக்கு அப்பா முன்னால் நிற்பார், சிலருக்குப் பின்னால். உங்களை எந்த வரிசையில் பதிந்திருக்கிறார்கள் என்று தெரிய ஒரு குறுக்குவழி இருக்கிறது. பான் எண்ணின் நான்காவது எழுத்து தனிநபர்கள் எல்லோருக்கும் 'பி'. ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. அது அப்பாவுடைய எழுத்தா உங்களுடையதா என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும், முதல் பெயரை வெறுமையாக விட வேண்டும்.

பெயர் பானில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இரண்டும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தளத்தில் பார்த்துவிடலாம். இணைக்காத பான் செயலிழந்த பான். அதை உயிர்ப்பிக்க 1,000 ரூபாய் கட்டணம்.

வங்கிக் கணக்கிலும் இதே கதை. ரீஃபண்ட் வர வேண்டும் என்றால் கணக்கை முன்கூட்டியே சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். பானில் இருக்கும் பெயரும் வங்கியில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்கு வங்கியில் ஒரு புள்ளி அதிகம் இருந்தது என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அப்பாவே இல்லை. இருபது வருடமாக அந்தக் கணக்கில் நான் தகப்பன் பெயர் தெரியாதவனாக இருந்திருக்கிறேன்.

ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஓ.டி.பி. அங்கேதான் போகும். கல்லூரிக் காலத்தில் தூக்கிப்போட்ட எண்ணாக இருந்தால், உங்கள் ரிட்டர்னுக்குச் சாவி இன்று வேறு யாருடைய சட்டைப்பையிலோ இருக்கிறது.

இரண்டாம் படி: மூன்று காகிதங்கள்

ஃபார்ம் 16 கம்பெனி தருவது. ஜூன் 15-க்குள் தர வேண்டும். 'அ' பகுதியில் பிடித்த வரி, 'ஆ' பகுதியில் சம்பள விவரம்.

26 ஏ.எஸ். என்பது உங்கள் பெயரில் அரசிடம் வந்து சேர்ந்த வரியின் பட்டியல். கம்பெனி பிடித்ததாகச் சொல்லும் தொகை இங்கே இல்லையென்றால், பிடித்தார்கள், கட்டவில்லை என்று பொருள். ரிட்டர்ன் போடுவதற்கு முன் கணக்குப் பிரிவில் போய்ச் சண்டை போடுங்கள். பிறகு போட்டால் நீங்கள் மட்டும்தான் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது ஏ.ஐ.எஸ். ஆண்டுத் தகவல் அறிக்கை என்று விரிக்கலாம்; உங்களைப் பற்றி ஊரார் சொன்னதன் தொகுப்பு என்றும் சொல்லலாம். சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்புத்தொகை வட்டி, ஈவுத்தொகை, விற்ற மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அதில் இருக்கும். நீங்களே மறந்துபோன பழைய வங்கிக் கணக்கின் 43 ரூபாய் வட்டிகூட. பி.டி.எஃப். ஆக இறக்கினால் கடவுச்சொல் கேட்கும்: பான் எண் சின்ன எழுத்துகளில், அதையொட்டிப் பிறந்த தேதி, மாதம், ஆண்டு, இடைவெளி இல்லாமல். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மாலையைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்க வேண்டாம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளம் ஒத்துப்போகிறதா? பிடித்த வரி ஒத்துப்போகிறதா? வட்டி? புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இந்த வட்டிதான். 'டி.டி.எஸ். (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்துவிட்டார்களே, முடிந்ததே' என்பார்கள். வங்கி பிடிப்பது 10 சதவீதம். உங்கள் அடுக்கு 20 என்றால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும். வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வங்கி எதையும் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

ஏ.ஐ.எஸ். சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. அம்மாவின் பணத்தில் போட்ட வைப்புத்தொகைக்கு, வசதிக்காக என் பெயரை முதலில் போட்டிருந்தோம். அந்த ஆண்டு வரித்துறையின் பார்வையில் நான் கொஞ்சம் வசதியானவன் ஆகிவிட்டேன். இப்படி இருந்தால் அந்தப் பதிவின் பக்கத்திலேயே மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. 'இது வேறொருவருடையது', 'தொகை தவறு' என்றெல்லாம் தேர்ந்தெடுக்கலாம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதமே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். நிறுவனங்களும் வங்கிகளும் கடைசிக் காலாண்டுக் கணக்கைச் சமர்ப்பிக்க மே 31 வரை நேரம் இருக்கிறது. அதற்குமுன் பார்த்தால் ஏட்டில் பாதிதான் இருக்கும். ஜூன் 20-ஐ ஒட்டித் தொடங்குவது என் வழக்கம்.

இரண்டு வேலை பார்த்தவர்கள் மட்டும் இங்கே நில்லுங்கள்

ஆண்டு நடுவில் கம்பெனி மாறியவர்களுக்கு நிகழும் கொடுமை இது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1 லட்சம். முதல் கம்பெனி ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்குப் போட்டு, 12.75-க்குள் இருக்கிறதே என்று ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. அக்டோபர் முதல் புதிய கம்பெனியில் மாதம் 1,30,000. அவர்கள் கணக்கில் நீங்கள் ஆறு மாதம்தான் இருக்கிறீர்கள், 7,80,000. அவர்களும் பிடிக்கவில்லை. நீங்களும் கைநிறைய வாங்கி மகிழ்ந்தீர்கள்.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள்: 13,80,000. நிலைக்கழிவு இரண்டு கம்பெனியும் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். வரிக்குரியது 13,05,000. 12 லட்சம் வரை 60,000, மேலே 1,05,000-க்கு 15 சதவீதம் 15,750, செஸ் 3,030. ஆக மொத்தம் 78,780. அதோடு முன்கூட்டியே கட்டாததற்கு வட்டி வேறு. யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டு கம்பெனியும் தம்மளவில் சரி. பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லாமல் விட்டது மட்டுமே குறை. இந்த ஆண்டு மாறியிருந்தால் இன்றைக்கே பழைய விவரத்தைப் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிடுங்கள்; மாதா மாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: எந்த ஆண்டு, எந்தப் படிவம்

2025-26 நிதியாண்டில் சம்பாதித்ததற்கு, மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். சம்பாதிப்பது ஓர் ஆண்டு, அதை மதிப்பிடுவது அடுத்த ஆண்டு என்ற கணக்கு. லட்சக்கணக்கானோரைக் குழப்பிய இந்த ஏற்பாட்டுக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் முடிவு கட்டியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் ஒரே பெயர், 'வரி ஆண்டு'. அதாவது நீங்கள் இப்போது கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்வது கூடிய சீக்கிரம் பயனற்றுப் போகும்.

படிவத்துக்கு வருவோம். சம்பளம், வீடு, வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐ.டி.ஆர்.-1. பங்கு அல்லது பங்குசார் ஃபண்டில் நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தாலும் இதிலேயே போடலாம். குறுகியகால லாபம் இருந்தால் ஐ.டி.ஆர்.-2. கம்பெனி கொடுத்த வெளிநாட்டுப் பங்குகள் வைத்திருந்தாலும் அதுதான். அவற்றைக் காட்டாமல் விட்டால் அபராதம் பெரியது. முதல் ஆண்டாவது ஆடிட்டர் கையால் போடுங்கள். பங்கு விற்ற லாபத்துக்கு அந்த 12 லட்சத் தள்ளுபடி உதவாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நான்காம் படி: பழைய முறையா, புதிய முறையா

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறை. வீட்டுவாடகைப் படி, 1.5 லட்சம் வரையிலான சேமிப்புக் கழிவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் பழைய முறையில்தான். பெரிய வாடகையும் வீட்டுக்கடனும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் புதியதே லாபம். ஆனால் நான் சொன்னேன் என்று போடாதீர்கள். தளத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் கணிப்பான் இருக்கிறது. சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். பழையது வேண்டும் என்றால் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் 'பிடித்த வரியை முழுசா வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் கொடுங்க' என்று ஒருவர் அலுவலகத்தில் நுழைவார். செய்யாத நன்கொடை, இல்லாத வாடகை, இல்லாத நோய் எல்லாவற்றையும் உங்கள் ரிட்டர்னில் எழுதுவார். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் வரித்துறை சோதனை போட்டது. மாட்டினால் திருப்பிக் கட்ட வேண்டியது நீங்கள். தெரிந்தே தவறாகக் காட்டியதற்கு அபராதம் வரியைப்போல் இரண்டு மடங்கு. தரகர் தன் பத்து சதவீதத்தோடு அடுத்த அலுவலகத்துக்குப் போயிருப்பார்.

ஐந்தாம் படி: நிரப்புதல்

பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஒவ்வொரு பகுதியையும் திறந்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு வெளியே வர வேண்டும். தானாக நிரம்பிய தொகையை அப்படியே நம்பாமல், இரண்டாம் படியில் ஒத்துப்பார்த்த எண்களோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைவைச் சேமியுங்கள். நீங்கள் பாஸ்புக்கைத் தேடி அலமாரியைக் குடையும் நேரத்தில் தளம் உங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கும்.

பாக்கி இருந்தால் அங்கேயே கட்டலாம். கட்டும்போது இரண்டே எச்சரிக்கை: மதிப்பீட்டு ஆண்டு சரியாக இருக்கட்டும், வகையில் 'சுயமதிப்பீட்டு வரி' என்று இருக்கட்டும். ஆண்டை மாற்றிக் கட்டினால் பணம் அரசிடம்தான் இருக்கும், உங்கள் பாக்கியும் அப்படியே இருக்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

ஆறாம் படி: முடிந்தது என்று நினைக்கும் இடம்

முதல் ஆண்டு, சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. வீட்டில் எல்லோரிடமும் அறிவித்தேன். நான்கு மாதம் ரீஃபண்டுக்குக் காத்திருந்தேன். பிறகு ஒரு நண்பன் கேட்டான், 'வெரிஃபை பண்ணியா?'

சமர்ப்பித்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஆதார் ஓ.டி.பி. எளிது. நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம். ஒன்றும் முடியாவிட்டால் ஒப்புகைச் சீட்டை அச்சடித்துக் கையெழுத்திட்டு, பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். 30 நாள் தாண்டினால், சரிபார்த்த தேதிதான் நீங்கள் தாக்கல் செய்த தேதி. கெடு போயிருந்தால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பச்சை டிக்கை நம்பாதீர்கள்.

கெடுவைப் பற்றி

ஜூலை 31. வேடிக்கை என்னவென்றால், ஜூலை 24 வருமான வரி தினம். 1860-இல் அதே நாளில்தான் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் இந்த வரியைக் கொண்டுவந்தார். கொண்டாட்டம் முடிந்து ஒரே வாரத்தில் தேர்வு.

ஜூலை கடைசியில் நாடு முழுவதும் ஒரே கேள்வி, 'நீட்டிப்பாங்களா?' 2025-இல் செப்டம்பர் 15 வரை நீட்டித்து, கடைசியில் இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் ஜூலை 31 என்றால் ஜூலை 31-தான். தவறவிட்டவர் டிசம்பர் 31 வரை கட்டணத்தோடு போடலாம். பாக்கி வரி இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

ஏழாம் படி: அந்த மெயில்

ஏதோ ஒரு நாள் 143(1) என்று, வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணைத் தலைப்பிட்டு ஒரு மெயில் வரும். நெஞ்சு படபடக்கும். இது எல்லோருக்கும் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. இணைப்பைத் திறக்க மறுபடியும் அதே கடவுச்சொல், பான் சின்ன எழுத்தில், பிறந்த தேதி. உள்ளே இரண்டு பத்திகள்: நீங்கள் சொன்னது, அவர்கள் கணித்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லாம் சுபம். வேறுபட்டால் எந்த இடத்தில் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் படியில் நீங்கள் தாண்டிப்போன வட்டியாக இருக்கும்.

139(9) என்று வந்தால் குறையுள்ள ரிட்டர்ன் என்று பொருள். 15 நாளுக்குள் சரிசெய்து அனுப்பலாம். 'உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் அது வரித்துறை இல்லை, திருடன். சந்தேகம் இருந்தால் எந்த இணைப்பையும் தொடாமல், தளத்துக்குள் நேராகப் போய் உங்கள் கணக்கில் பாருங்கள்.

ரீஃபண்ட் வந்ததும் தொகையை உற்றுப் பாருங்கள். 14,000 எதிர்பார்த்திருந்தால், ஆகஸ்ட்டில் 14,350 வந்திருக்கலாம். தவறு இல்லை. ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி; நாம் தாமதித்தால் ஒன்று, அவர்கள் தாமதித்தால் அரை. அந்த 350 ரூபாய் உங்களுக்கு வந்த வருமானம். அடுத்த ஆண்டு ரிட்டர்னில் அதைக் காட்டி வரி கட்ட வேண்டும். மறந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம், ஏ.ஐ.எஸ்.-இல் அது முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.